ஒரு கேள்விக்குறியும் ஐந்தாம் அத்தியாயமும்

அந்த வீட்டில் முனைவர் பட்டத்துக்குப் படிப்பது சாப்பாட்டு மேசைதான் என்று மகள் சொல்வாள். ஐந்து வருடமாக அதன்மேல் யாரும் தட்டு வைத்ததில்லை. ஒரு பக்கம் ஒலிப்பதிவுகளின் எழுத்துப்படிகள், இன்னொரு பக்கம் நூலகத்துப் புத்தகங்கள், நடுவில் மடிக்கணினி. மிச்சமிருந்த ஒரு சாண் இடத்தில் உப்பு ஜாடி மட்டும் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தது. குடும்பம் சோபாவில், மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டது.

"மேசைக்கு என்னைக்கு டாக்டர் பட்டம் கிடைக்குதோ, அன்னைக்குத்தான் நாம மனுஷங்க மாதிரி சாப்பிடுவோம்" என்பாள் மகள். அவளுடைய அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். அவர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். "மூச்சை நல்லா இழுங்க, அப்படியே வெச்சுக்குங்க" என்று பகலெல்லாம் ஊருக்குச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் அதைத் தானே கடைப்பிடிப்பார்.

மேசையின் சொந்தக்காரி ஒரு பேருந்து நிறுவனத்தில் பயிற்சி அதிகாரி. புது வண்டி, புது இயந்திரம், புது விதி என்று எது வந்தாலும் அதை ஓட்டுநர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது அவள் பாடு. கல்வியியலில் முதுகலை முடித்தவள், பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கலாம். குழந்தைகளைவிடப் பெரியவர்கள் பேச்சைக் கேட்பார்கள் என்று அந்த வயதில் நம்பி இங்கே வந்துவிட்டாள். வகுப்பறை டிப்போவின் மாடியில், டயர் கிடங்குக்கு நேர் மேலே இருந்தது. வெயில் ஏறினால் பாடத்தோடு சேர்ந்து ரப்பர் வாசனையும் தலைக்கு ஏறும்.

ஒரு கூட்டத்தில், செய்முறை வகுப்புக்குக் கூடுதல் நேரம் வேண்டும் என்று கேட்டபோது நிர்வாக இயக்குநர் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "நீங்க சொல்றது அனுபவம் மேடம். ஆதாரம் எங்க?"

சில கேள்விகள் பதில் வாங்குவதற்காகக் கேட்கப்படுவதில்லை. எதிரில் இருப்பவர் வாயை மூடுவதற்காகக் கேட்கப்படுகின்றன. அந்த வித்தியாசம் தெரியாதவர்களால்தான் உலகத்தில் ஆராய்ச்சி நடக்கிறது. அவள் அதைக் கேள்வி என்றே எடுத்துக்கொண்டு, பல்கலைக்கழகத்தில் பகுதிநேர ஆய்வாளராகப் பதிந்துகொண்டாள்.

ஆய்வுப் பொருள் ஒரே ஒரு சொல்: "புரிஞ்சுதா?"

பாடம் எடுப்பவர் யாராக இருந்தாலும் நாலு வாக்கியத்துக்கு ஒருமுறை இதைக் கேட்காமல் மேலே போவதில்லை. கேட்டதும் வகுப்பு ஒரே குரலில் "புரிஞ்சுது" என்கிறது. கேட்டவருக்கும் திருப்தி, சொன்னவருக்கும் திருப்தி. இடையில் புரிதல் என்ற ஒன்று நடந்ததா என்பது யாருக்கும் தெரியாது. ஒருவனுக்குப் புரிந்தது என்பதை அவனே எப்படி அறிகிறான் என்று யோசிக்கப் போனால் அது பெரிய காடு. பெரிய பெரிய மூளைகள் உள்ளே போய்த் திரும்பி வந்ததில்லை. அவள் அவ்வளவு தூரம் போகவில்லை. அந்தச் சொல் எங்கே, யாரால், எதற்காகச் சொல்லப்படுகிறது என்பதை மட்டும் பார்ப்பதாகத் திட்டம். பிரேக் பாடம் எடுக்கும் பயிற்சியாளரின் வகுப்பிலும், டிக்கெட் இயந்திரப் பாடம் எடுப்பவரின் வகுப்பிலும் ஒலிப்பதிவுக் கருவியை வைத்தாள். இடைவேளையிலும் அது ஓடிக்கொண்டே இருந்தது. தன் வகுப்பைப் பதிவு செய்யவில்லை. ஆய்வாளர் தன்னையே ஆராய்ந்தால் நடுநிலை கெட்டுவிடும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அதைப் படித்தபோது அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்ததையும் சொல்லிவிட வேண்டும்.

பதிவுகளைக் கேட்டு எழுதிக்கொடுக்கும் வேலையைப் பல்கலைக்கழக வாசலில் தட்டச்சுக் கடை வைத்திருந்த பெண்மணியிடம் கொடுத்தாள். அலுவலகம், வீடு, இரண்டுக்கும் நடுவில் இரண்டு பேருந்து என்று ஓடுகிறவளுக்கு எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்க ஏது பொழுது? முதல் பதிவை மட்டும் கேட்டுச் சரிபார்த்தாள். சுத்தமாக இருந்தது. தட்டச்சுக்காரி கொள்கைப் பிடிப்புள்ளவள். "கேள்வின்னா கேள்விக்குறி போட்டுடுவேன் மேடம். இந்தக் காலத்துல யாரும் போடறதில்ல. மொழியே கெட்டுப்போச்சு" என்றாள். அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

நாலு வருடம் உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. பயிற்சியாளர்கள் அதிகம் கேட்கிறார்கள், காத்திருப்பதில்லை. இதைச் சொல்ல ஆய்வு எதற்கு? நெறியாளர், அதாவது அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியர், அத்தியாயங்களை வாங்கி எழுத்துப் பிழை மட்டும் திருத்தித் தருவார். அவர் அறையில் ஒரு பழைய ஆய்வேடு மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் கண் அதன்மேல் போகும். ஒவ்வொரு தடவையும் அவர் ஒன்றையேதான் சொல்வார்: "நாம பேசக்கூடாது. தரவு பேசணும்."

ஐந்தாவது வருடம் தரவு பேசியது.

கடைசியாக எழுதி வாங்கிய இடைவேளைப் பேச்சின் எழுத்துப்படிகளைப் புரட்டியபோது அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "புரிஞ்சுதா?" என்று கேட்டவர்கள் பயிற்சியாளர்கள் மட்டுமல்ல. ஓட்டுநர்களும் கேட்டிருக்கிறார்கள், இடைவேளையில், தங்களுக்குள், யாரும் சொல்லாமல்! ஒருவர் "புரிஞ்சுதா?" என்றால் இன்னொருவர் வெளிப்படையாகப் பதில் சொல்கிறார்.

"புரிஞ்சுதா? எங்கடா?" "மேல இருக்கு." தலைக்கு மேலே போய்விட்டது என்கிறார், எவ்வளவு நேர்மை!

"புரிஞ்சுதா? இன்னும் வரல." புரிதல் என்பது வந்து சேர வேண்டிய ஒன்று என்ற தெளிவு.

"புரிஞ்சுதா? வந்தாலே தலைவலிதான்." இதை அவள் அறிதல் சுமை என்ற தலைப்பில் சேர்த்தாள்.

"புரிஞ்சுதா? ரிட்டயர் ஆகற வரைக்கும் நமக்கு விடிவு இல்ல." இது வாழ்நாள் கல்வி என்று தனித் துணைத்தலைப்பே ஆயிற்று.

"புரிஞ்சுதா? இன்னைக்கு லீவு." இது கொஞ்சம் இடித்தது. இரண்டு நாள் யோசித்து, 'உருவகம்' என்று எழுதினாள்.

இப்படிப் பிறந்தது ஐந்தாம் அத்தியாயம். பயிற்சி பெறுகிறவர்கள் தங்களுக்குள்ளேயே கேட்டுத் தெளிந்துகொள்கிறார்கள் என்ற புதிய கண்டுபிடிப்பு. நெறியாளர் அதைப் படித்துவிட்டு, ஐந்து வருடத்தில் முதல் தடவையாக ஓரத்தில் ஒரு சொல் எழுதினார்: 'அருமை.' நேரிலும் சொன்னார்: "'புரிதலுக்கு இன்னைக்கு லீவு'. அடடா, டிரைவருங்க கவிஞருங்கம்மா!"

செய்தி நிர்வாக இயக்குநர் வரை போனது. அவரும் மகிழ்ந்தார். "டிரைவருங்களே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கறாங்கன்னா, செய்முறை வகுப்பைக் குறைச்சுடலாமே மேடம்? இப்பத்தான் ஆதாரம் இருக்கே." நேரத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்டவளே குறைக்க வழி செய்துவிட்டாள். அது அப்போது நெருடியது. ஆனால் சனிக்கிழமை ஆய்வுக் குழுவின் முன் அமர்வு. அதில் தேறினால்தான் ஆய்வேட்டைக் கட்டிக் கொடுக்க முடியும். கொடுத்த நீட்டிப்பெல்லாம் முடிந்துவிட்டது. நெறியாளர் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். நெருடலை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் டிப்போவில் பேருந்து கழுவும் இடத்துக்குப் பின்னால், குழாயில் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். பேருந்துக்கு அந்தப் பக்கம் இரண்டு ஓட்டுநர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"புரிஞ்சுதா கிளம்பிடுச்சா?"

அவள் கை நின்றது. நேரடிச் சான்று! இதுவரை தாளில் மட்டும் பார்த்தது. ஈரக்கையைத் தோளில் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். டப்பா மூடியின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் எழுத ஆரம்பித்தாள்.

"இல்லண்ணே. ரூம்ல உக்காந்து ஏதோ எழுதிட்டிருக்கும்."

எழுதினாள்.

"இன்னைக்குப் புதுக் கண்ணாடி போட்டிருக்கு, பாத்தியா?"

"பாத்தேன் பாத்தேன். ஆந்தை மாதிரி முழிக்குது."

பேனா நின்றது. புரிதல் வரலாம், போகலாம். அறையில் உட்காரலாம். எழுதக்கூடச் செய்யலாம், மெய்யியலில் அதற்கெல்லாம் இடம் உண்டு. ஆனால் எந்த மெய்யியலிலும் அது கண்ணாடி போடாது. அவள் மெதுவாகக் கையை உயர்த்தி, முந்தின நாள் மாலை கடையிலிருந்து வாங்கி வந்திருந்த புதுக் கண்ணாடியின் சட்டத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

அன்று மாலை வீட்டில் சோபாவில் உட்கார்ந்து, இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு பதிவுகளைக் கேட்டாள். கேள்வியின் தூக்கல் எங்கேயும் இல்லை. 'புரிஞ்சுதா இன்னும் வரல' என்று ஒரே மூச்சில், பால்காரர் இன்னும் வரவில்லை என்பதுபோலச் சொல்லியிருந்தார்கள். கேள்விக்குறிகள் எல்லாம் தட்டச்சுக்காரியின் கொள்கையிலிருந்து வந்தவை. 'மேல இருக்கு' என்றது மாடியை. 'தலைவலி' என்றது தலைவலியைத்தான். 'ரிட்டயர்' என்ற இடத்தில் அவள் கருவியை நிறுத்தினாள்.

"என்னம்மா, யாராவது செத்துட்டாங்களா?" என்றாள் மகள்.

சொன்னாள். மகள் முதலில் கையால் வாயைப் பொத்தினாள், அப்புறம் தலையணையால் முகத்தைப் பொத்தினாள். அப்புறமும் சோபா குலுங்கியது.

"சிரிக்காதேடி. அஞ்சு வருஷம்!"

"அம்மா, நீ என்னை எழுப்பறதே 'மணி ஏழாச்சு, புரிஞ்சுதா'ன்னுதான். எனக்குத் தோணாம போச்சே இந்தப் பேரு!"

எக்ஸ்ரேக்காரர் தண்ணீர் குடிக்கும் சாக்கில் சமையலறைப் பக்கம் நகர்ந்தார். அந்த நகர்வு அவளுக்குப் பிடிக்கவில்லை.

"இங்க வாங்க. உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"எது?"

"மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. சொல்லுங்க."

அவர் தண்ணீரை முழுக்கக் குடித்து முடித்தார். "ஒரு தடவை உன்னைக் கூட்டிட்டுப் போக டிப்போ வாசல்ல நின்னேன் இல்ல? அப்போ காவலாளி வந்து, 'சார், புரிஞ்சுதா வீட்டுக்காரரா?'ன்னு கேட்டான். என்ன புரியணும்னு எனக்குப் புரியல. நான்தான் வீட்டுக்காரர்னு சொன்னேன். 'புரிஞ்சுதா மீட்டிங்ல இருக்கு, உக்காருங்க'ன்னு நாற்காலி போட்டான்."

"அது நடந்து எத்தனை வருஷமாச்சு! ஏன் சொல்லல?"

"நல்ல மரியாதையா நடத்தினான். எதுக்குக் கெடுக்கணும்னு..."

புதன்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நெறியாளரைப் பார்க்கப் போனாள். அவர் புத்தகங்களை அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். மேசைக்கால் ஆய்வேடு மட்டும் இன்னும் இருந்த இடத்தில் இருந்தது.

"சனிக்கிழமைக்குத் தயாராம்மா? தரவு நல்லா பேசுது. பயமே வேண்டாம்."

"பேசுதுங்க சார். என்னைப் பத்திப் பேசுது."

பதிவை ஓடவிட்டு, விஷயத்தைச் சொன்னாள். அவர் 'புதுக் கண்ணாடி' சமாச்சாரம் வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சிரிப்பதா அழுவதா என்று அவருக்குள் ஒரு வழக்கு நடந்ததுபோல் தெரிந்தது. தீர்ப்பு இரண்டுக்கும் கிடைக்கவில்லை, இருமல் வந்தது.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"டிப்போவுல எல்லாருக்கும் தெரியும் சார். எனக்குத்தான் தெரியாம இருந்தது."

"நான் பல்கலைக்கழகத்தைக் கேக்கறேன்."

"நீங்க மட்டும்தான்."

அவர் சன்னல் பக்கம் பார்த்தார். "நீங்க இன்னைக்கு என்னைப் பாக்க வந்தீங்க, நான் அறையில இல்ல, அப்படின்னு வெச்சுக்கலாமா?"

"நீங்க இருக்கீங்களே சார்."

"இருக்கேன். அதுதான் பிரச்சினை." ஒரு பெட்டியின் வாயை ஒட்டுநாடாவால் மூடினார். "அஞ்சாம் அத்தியாயத்தை எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு? எல்லாருக்கும் தெரிஞ்சது இருக்கு. குழு ஏத்துக்காது. நீட்டிப்பு இல்ல. புது நெறியாளர் கிடைக்க மாட்டாங்க. யோசிச்சுக்குங்கம்மா. நான் உங்களை எதுவும் செய்யச் சொல்லல. எதுவும் செய்யாம இருக்கவும் சொல்லல."

ஒரு மனிதர் பொய் சொல்லாமலும் உண்மையைச் சொல்லாமலும் பேச முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். திரும்பும் பேருந்தில் அவளும் அதையே பழகிப் பார்த்தாள். பட்டப்பெயர் வைப்பதும் ஒருவகைக் கற்றல்தானே? பெயரைச் சொல்லும்போது கேள்வியும் கூடவே நினைவுக்கு வராதா? கேள்விக்குறியைப் போட்டது நான் இல்லையே? இறங்கும் இடம் வருவதற்குள் ஐந்தாம் அத்தியாயம் ஏறக்குறைய பிழைத்துவிட்டது. அவ்வளவு கெட்டிக்காரத்தனம் தனக்கு இருப்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. தெரிந்ததில் மகிழ்ச்சி இல்லை.

வியாழக்கிழமை வகுப்பு. பாடம், பேருந்தின் தானியங்கிக் கதவு. கதவில் யாராவது மாட்டிக்கொண்டால் வண்டி நகராமல் தடுக்கும் கருவியைப் பற்றி அவள் ஒவ்வொரு வருடமும் எடுக்கிற பாடம். அவள் வகுப்புக்கு ஒரு பெயர் உண்டு: அங்கே ஒருவரும் தூங்க மாட்டார்கள். மற்ற பயிற்சியாளர்கள் பொறாமைப்படும் விஷயம் அது. அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமை.

அன்று அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருந்தாள். கருவி எங்கே இருக்கிறது என்றாள். நிறுத்தினாள். எப்படி வேலை செய்கிறது என்றாள். நாக்கின் நுனி வரை வந்ததை விழுங்கினாள். வகுப்பு அசைந்து உட்கார்ந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் ஒருவர் விரல்களை மடக்கி வைத்துக்கொண்டு அடுத்த விரலுக்கு வழியில்லாமல் காத்திருந்தார்.

கடைசியில் 'ஒன்றரை' எழுந்தார். டிப்போவின் மூத்த ஓட்டுநர்; வண்டியை எங்கே நிறுத்தினாலும் ஒன்றரை வண்டி இடத்தை எடுத்துக்கொள்வதால் அந்தப் பெயர்.

"மேடம், உடம்பு சரியில்லையா?"

"ஏன்?"

"இல்ல... ஒரு மாதிரி இருக்கீங்க."

அவள் சுண்ணக்கட்டியை வைத்தாள். "எனக்கு வெச்சிருக்கற பேரு தெரிஞ்சுபோச்சு."

டயர் கிடங்கில் யாரோ டயர் உருட்டும் சத்தம் நன்றாகக் கேட்டது.

"எந்தப் பேரு மேடம்?" என்றார் ஒன்றரை, ஜாக்கிரதையாக.

"ஏன், எத்தனை இருக்கு?"

"அய்யோ, ஒண்ணே ஒண்ணுதான் மேடம்!"

"முந்தாநாள் ஆந்தைன்னு ஒண்ணு கேட்டேன்."

"அது பேரு இல்ல மேடம். அது சும்மா ஒரு... ஒப்பீடு" என்றது மூன்றாம் வரிசை. வகுப்பு வெடித்துச் சிரித்தது. சிரித்த பிறகு தப்பு செய்துவிட்டதுபோல் அடங்கியது. அவளும் சிரித்துவிட்டாள் என்று தெரிந்த பிறகு மறுபடி சிரித்தது.

"விரல் மடக்கிட்டிருந்தீங்களே, அது என்ன?" என்று பின்வரிசையைக் கேட்டாள்.

ஒன்றரைதான் தியாகத்துக்கு முன்வந்தார். "ஒத்தையா ரெட்டையா மேடம்."

"என்ன ஒத்தை ரெட்டை?"

"வகுப்பு முடியறப்போ நீங்க 'புரிஞ்சுதா' சொன்ன எண்ணிக்கை ஒத்தைப்படையா, ரெட்டைப்படையான்னு... தோத்த கட்சி டீ வாங்கித் தரணும். எண்ணிக்கை தப்பிடக்கூடாதுன்னுதான் எல்லாரும் அவ்வளவு கவனமா..."

தன் வகுப்பில் ஒருவரும் தூங்காததன் காரணம் இவ்வளவு தெளிவாக அவளுக்கு யாரும் விளக்கியதில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பாடம் எடுக்கும்போது உட்காருகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

"சரி. இன்னைக்கு டீ நான் வாங்கித் தரேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்தக் கதவுப் பாடம் மூணு வருஷமா எடுக்கறேன். யாருக்குப் புரிஞ்சுது? கேள்வியாத்தான் கேக்கறேன். எண்ண வேண்டாம்."

நெடுநேரம் யாரும் பேசவில்லை. அந்த மௌனத்தைச் சொல்லால் நிரப்பாமல் இருக்க அவள் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கருவி சும்மா சும்மா சத்தம் போடுது மேடம்" என்றார் ஒருவர். "ஏன் போடுதுன்னு தெரியல."

"அப்புறம் எப்படி ஓட்டறீங்க?"

"பக்கத்துலயே ஒரு சுவிட்ச் இருக்கு இல்ல மேடம்? அதை அமுக்கிட்டா நின்னுடுது."

"அதை அமுக்கினா கருவியே நின்னுடும்!"

"அதான் மேடம் சொல்றோம். சத்தமே வர்றதில்ல."

"எத்தனை பேரு அமுக்கறீங்க?"

கைகள் உயர்ந்தன. ஒன்றரையின் கை கொஞ்சம் தாமதமாக, ஆனால் எல்லாவற்றையும்விட உயரமாக எழுந்தது.

பேருந்தில் பிழைக்க வைத்த ஐந்தாம் அத்தியாயம் அந்தக் கைகளுக்கு முன்னால் இரண்டாம் முறை செத்தது. இவர்கள் தங்களுக்குள் கேட்டுத் தெளிகிறார்கள் என்று இவள் எழுதி, அதை நம்பி நிர்வாக இயக்குநர் செய்முறை வகுப்பைக் குறைத்தால், நகரத்தில் ஓடுகிற பேருந்துக் கதவெல்லாம் சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டிருக்கும். பட்டம் கிடைக்குமா போகுமா என்பது இவளுடைய கவலை. கதவில் நிற்கிறவருக்கு அது கவலை இல்லை.

டீ வந்தது. குடித்துவிட்டு எல்லோரையும் கீழே அழைத்துப்போய், ஒரு வண்டியின் கதவில் தன் கைப்பையை மாட்டவிட்டு, கருவி ஏன் கத்துகிறது என்பதை ஒவ்வொருவராகச் செய்து பார்க்க வைத்தாள். பையின் ஒரு வார் போயிற்று.

சனிக்கிழமை அமர்வு. நீள மேசை, தண்ணீர்ப் புட்டிகள், ஓடாத சுவர்க்கடிகாரம். குழுவின் தலைவர், நெறியாளர், புள்ளியியல் துறையிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியை. அந்த அம்மாள் சிரித்துப் பார்த்தவர்கள் பல்கலைக்கழகத்தில் இல்லை என்பார்கள். நெறியாளர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாக்குறுதி எதுவும் கேட்கவில்லை; அவளும் கொடுக்கவில்லை.

நாலு அத்தியாயத்தையும் சொல்லி முடித்தாள்.

"அஞ்சாம் அத்தியாயம் தப்புங்க."

தலைவர் தாளைப் புரட்டுவதை நிறுத்தினார். "எது தப்பு? அச்சா?"

"கண்டுபிடிப்பே தப்பு."

பதிவையும் எழுத்துப்படியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். 'புரிஞ்சுதா இன்னைக்கு லீவு' வந்தபோது தலைவர் கைக்குட்டையை எடுத்தார். 'ரிட்டயர் ஆகற வரைக்கும்' வந்தபோது நெறியாளர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. புள்ளியியல் பேராசிரியை மட்டும் அசையவில்லை.

"இது ஒரு ஆளோட பட்டப்பெயர். சரி. யாரோடது?"

"என்னோடதுங்க."

"எப்படி உறுதிப்படுத்தினீங்க?"

"நேத்து வரைக்கும் எல்லாப் பதிவையும் மறுபடி கேட்டேன். அப்புறம், அவங்களையே கேட்டேன். ஒத்துக்கிட்டாங்க."

"உங்க வகுப்பை ஏன் பதிவு பண்ணல?"

"நடுநிலை கெட்டுடும்னு புத்தகத்துல இருந்தது."

"புத்தகம் கிடக்கட்டும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "என் வகுப்பை நானே கேக்க விருப்பமில்லைங்க."

பேராசிரியை குறிப்பு எழுதிக்கொண்டார். தலைவர் கண்ணைத் துடைத்துவிட்டு விதிப்புத்தகத்தை எடுத்தார். நீட்டிப்பு கிடையாது, அதில் சந்தேகமில்லை. ஆனால் கடைசிப் பக்கங்களில் ஒரு விதி இருந்தது: தன் தரவில் பிழை இருப்பதை ஆய்வாளரே கண்டுபிடித்துத் தெரிவித்தால் ஆறு மாத அவகாசம் தரலாம். "இந்த விதி ஆரம்பத்துல இருந்தே இருக்கு போல. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்றார். நிறுவனத்துக்குத் திருத்த அறிக்கை உடனே போக வேண்டும். புதிய அத்தியாயம் அவளுடைய சொந்த வகுப்பைப் பற்றி இருக்க வேண்டும்.

"நெறியாளர்?" என்று கேட்டது நெறியாளர்தான். குரலில் ஓய்வூதியத்தின் நடுக்கம் இருந்தது.

"நான் பாத்துக்கறேன்" என்றார் புள்ளியியல் பேராசிரியை. அவளைப் பார்த்து, "என்கிட்ட அருமைன்னு எல்லாம் எழுதி வாங்க முடியாது. இப்பவே சொல்லிடறேன்" என்றார்.

வெளியே வந்து வீட்டுக்குத் தொலைபேசினாள். "ஆறு மாசம்" என்றாள்.

"உள்ளயா வெளியயா?" என்றார் எக்ஸ்ரேக்காரர்.

"விளையாடாதீங்க. மேசையை இன்னும் ஆறு மாசத்துக்கு யாரும் தொடக்கூடாதுன்னு அவகிட்ட சொல்லுங்க."

பக்கத்தில் மகள் ஏதோ கத்துவது கேட்டது. நல்ல வார்த்தையாக இருக்க வாய்ப்பில்லை.

கீழ்த்தளத்தில் ஆய்வுப் பிரிவு எழுத்தர் அவளை விடவில்லை. "உங்க வகுப்பையே பதிவு பண்ணப்போறீங்கன்னா, நீங்களும் பங்கேற்பாளர் ஆயிடறீங்க மேடம். பங்கேற்பாளரோட சம்மதக் கடிதம் வேணும்."

"ஆய்வாளரும் நான்தானே?"

"அது வேற கையெழுத்து. ஆய்வாளர் விளக்கினார்னு ஒண்ணு, பங்கேற்பாளர் சம்மதிச்சார்னு ஒண்ணு. ரெண்டும் போடணும்." அவளுடைய கோப்பிலிருந்தே கையெழுத்தாகாத ஒரு படியை உருவி நீட்டினார். ஐந்து வருடத்துக்கு முன்னால் அவளே எழுதிய கடிதம். ஓட்டுநர்கள் அத்தனை பேரும் வரிசையாக நின்று, நின்றபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது.

பேனாவை எடுத்து, ஆய்வாளர் என்ற இடத்தில் போட்டாள். பங்கேற்பாளர் என்ற இடத்துக்கு வந்ததும் கை தயங்கியது.

"ஒரு நிமிஷம். படிச்சுட்டுப் போடறேன்."

"நீங்க எழுதினதுதானே மேடம்?"

"ஆமாம்."

படித்தாள். முதல் வரி சரி. இரண்டாம் வரி சரி. மூன்றாவது வரியில் தொடங்கிய வாக்கியம் ஏழாவது வரியில் எங்கோ முடிந்தது. மறுபடி படித்தாள். யார் எதற்குச் சம்மதிக்கிறார், யார் எப்போது விலகலாம் என்று பிடிபடவில்லை. தாளைத் திருப்பி எழுத்தரிடம் காட்டினாள்.

"இந்த வாக்கியத்துக்கு என்னங்க அர்த்தம்?"

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். உதடு அசையப் படித்தார். "தெரியல மேடம். எல்லாரும் போட்டுடுவாங்க."

அவள் அந்த வாக்கியத்தின்மேல் நீளமாக ஒரு கோடு போட்டாள். வெற்றுத்தாள் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு, வார் அறுந்த பையை மடியில் மேசையாக வைத்து, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். எழுத்தர் கதவை எப்போது மூடலாம் என்று இரண்டு முறை எட்டிப் பார்த்தார். அப்போதும் அவள் முதல் வாக்கியத்தில்தான் இருந்தாள்.